மந்தை நாய்க்கு ஒரு வீடு

அன்புத் தோழிக்கு,

கடற்படைத் தளத்தை விட்டுப் போன வெள்ளைக்காரர்களின் மந்தை மேய்க்கும் நாய்களுக்கு வீடு தேடிய நான், மூதூரில் இருக்கும் உங்கள் மாட்டுப்பட்டியை ஒருதரம்கூட நினைக்கவில்லை. முஸ்லிம்கள் நாய் வைக்கமாட்டார்கள் என்று நானே முடிவுகட்டி, கடைசி நாயை இங்கே லிங்கநகரில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தேன். அங்கே மேய்க்க எதுவுமில்லை. சங்கிலியைக் கடித்துக் கடித்து அதன் வாயெல்லாம் புண்ணாகிவிட்டது.

சந்தையில் நீ சிரித்துக்கொண்டுதான் கேட்டாய்: "ஏன் புள்ள, பட்டிக்குக் காவல்நாய் வெக்க எங்களுக்குத் தடையில்லையே. இவ்வளவு புத்தகம் படிக்கிறாய், என்னட்ட ஒரு சொல்லு கேட்க ஏலாமப் போச்சா?"

பஸ் வருகிறது என்று ஓடிவிட்டேன். பஸ் வரவில்லை.

இன்று நாயைத் திருப்பி வாங்கிவிட்டேன். ஞாயிறு மூதூர் லாஞ்சியில் கடல் கடந்து கொண்டுவரட்டுமா? வேண்டாமென்று எழுதினால், தனியாக வருகிறேன்.

வெட்கத்துடன்,
உன் சிநேகிதி