ஆறு சுழலிகளும் அடிவாரக் குழாயும்

மாசி 4, திங்கள்

குன்றின் மேல் பங்களாவில் இருக்கும் துரை, அடிவாரத்துக் கூலி லயன் வீடுகளின் தண்ணீரைத் திருடுகிறார். புல்லுக்காக. இதற்கு வேறு சொல் இல்லை.

மழை இல்லை. காலையிலேயே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது.

என் வேலை: பங்களாத் தோட்டத்துக்குக் குழாய்ப் படம் போடுவது. சாலைக்கு அடியில் ஓடும் பெரிய குழாயிலிருந்து ஒரே ஒரு அங்குலக் குழாய் பிரிகிறது. முதலில் லயனுக்கு ஒரு பைப்பு. இனி அதை மேடேற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தோட்டக் கூலிகள், மாட்டுவண்டிக்காரர்கள், அவர்கள் பெண்டு பிள்ளைகள், எல்லாருக்கும் அந்த ஒரு பைப்பு. புல்லுக்கும் இப்போது அதிலேயே வாளியில் பிடித்து மேலே சுமக்கிறார்கள்; முடிக்கிற வரை பெண்கள் குடத்தோடு நிற்க வேண்டும்.

அளவு எடுக்கப் போனபோது வண்டிக்காரர் மனைவி காளியம்மாள்:

"படம் போடுற தம்பி! அப்படியே ஒரு குடம் தண்ணியும் வரைஞ்சு குடு. அதுலயே ஒல வச்சுக்கறேன்."

வரிசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்திருக்கலாம். வரவில்லை.

மாசி 5, செவ்வாய்

வெயில். பென்சில் இரண்டு முறை சீவினேன். படம் முடிந்தது.

துரை கேட்டிருப்பது தண்ணீர் தெளிக்கும் பித்தளைச் சுழலிகள், ஆறு. இந்தக் குழாயின் வேகத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டுதான் சுற்றும். ஆகவே மூன்று வால்வு. இரண்டிரண்டாகத் திறந்து மூடினால், வெயில் ஏறுவதற்குள் புல் முழுக்க நனைந்துவிடும். பகல் முழுக்கத் தண்ணீர் லயனுக்கு. யாருக்கும் குறையில்லை. நேர்த்தியான படம். நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், வேறு யார் சொல்வார்கள்.

துரையின் கணக்கர், கிராணியார் சபாபதியிடம் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்துக்காரர். துரையிடம் எது போவதானாலும் அவர் வழியாகத்தான். படத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, ஆறும் ஒண்டாச் சுத்த வேணுமெண்டு துரை சொல்லிப்போட்டார். சனிக்கிழமை விருந்து. துரைசானிமார் பாக்க வருவினம்."

"ஒரு அங்குலக் குழாய்ல அது நடக்காதுங்க ஐயா."

"நடத்தத்தானே உம்மை வச்சிருக்கு?"

சாயங்காலம் தேக்கா சந்தை வரை நடந்தேன். மாட்டுக்கொட்டகை நாற்றம், புழுதி, ரிக்‌ஷா மணி. சோற்றுக்கடையில் ஒவ்வொரு ஊர்க்காரனும் தன் ஊர்க்காரனோடு உட்கார்ந்திருந்தான். நான் நாகப்பட்டினம் என்று சொல்ல வாயைத் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. மோர் நன்றாக இருந்தது.

மாசி 7, வியாழன்

சாமான் வந்தது. குழாய், முழங்கை இணைப்பு, வால்வு: இங்கிலாந்துச் சரக்கு. சுழலி ஆறு: அமெரிக்கச் சரக்கு. படப் புத்தகத்தில் அழகாக இருந்ததாம், துரையே பார்த்து வரவழைத்தார்.

இரண்டின் திருகு மரையும் வேறு வேறு. பார்த்தால் தெரியாது. இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் கடித்துக்கொண்டு நிற்கும்.

குழாய் பொருத்தும் பிட்டர் அந்தோணி அண்ணனுக்கு இதில் கவலையே இல்லை.

"கழுத்தப் புடிச்சுத் திருப்புனா எதுதான் ஏறாது? சணலச் சுத்து, சாயத்தப் பூசு. அவ்வளவுதான்."

ஒன்றை முறுக்கி ஏற்றினார். தண்ணீரைத் திறந்ததும் மரை வழியே பீய்ச்சி அவர் மீசையை நனைத்தது. "இது குளிக்கிற மெசினுடா" என்றார். நன்றாகச் சிரித்தோம். இந்த வாரத்தில் அது ஒன்றுதான்.

கம்போங் காப்பூர் பக்கம் ஒரு சீனர் கடைசல் பட்டறை. ஒரு முனையில் இங்கிலாந்து மரை, மறு முனையில் அமெரிக்க மரை, அப்படி ஆறு இணைப்பு புஷ் கடைந்து தர வேண்டும் என்று என் அரைகுறை மலாயில் விளக்கினேன். "போலே லா, போலே." முடியும் என்றார். முடித்தும் தந்தார். இரும்புக்கு இரும்பு சேர வழி இருக்கிறது.

மாசி 8, வெள்ளி

சோதனை. ஒரு மரையும் கசியவில்லை.

இரண்டு திறந்தேன்: பறந்தது. ஆறு திறந்தேன்: தூங்குகிறவன் வாயில் எச்சில் போல ஒழுகியது. சுற்றவே இல்லை.

துரை வந்தார். கீழே கையைக் காட்டினார். அங்கே யார் தண்ணீர் எடுப்பது என்று கேட்டார். காளியம்மாள் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பள்ளத்தில் பைப்பு திறந்திருந்தால் மேட்டில் வேகம் குறையும், உண்மைதான். ஆனால் துரை சொன்னது, கூலிகள் தண்ணீரைத் திருடுகிறார்களாம்.

சபாபதி ஓடினார். லயன் வால்வை மூடி, வால்வுக் குழியின் இரும்பு மூடியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நான்கு நன்றாகச் சுற்றின, இரண்டு நொண்டின. துரைக்கு அது போதும். கெட்டிக்காரன் என்று ஆங்கிலத்தில் சொல்லி என் தோளைத் தட்டினார். தோளைத் துடைத்துக்கொண்டேன். அவர் பார்க்காதபோது.

கீழே இறங்கினேன்.

"பூட்டு போடத்தான் படம் போட்டியா? நீயும் அவங்க ஆளுதான்" என்றாள் காளியம்மாள்.

இல்லை என்றேன். கேட்க யாரும் நிற்கவில்லை. குடங்களோடு எருமைகள் கிடக்கும் குட்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

மாசி 9, சனி

மேகம் வந்து கலைந்தது.

காளியம்மாளின் மகளுக்கு விடியற்காலையிலிருந்து வாந்தி, பேதி. பக்கத்து அறையில் ஒரு கிழவருக்கும். குட்டைத் தண்ணீர்.

ஆண்களைக் கூப்பிட்டேன். எல்லாரும் சேர்ந்து மேலே போய்ச் சாவியைக் கேட்போம் என்றேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"வேல போச்சுன்னா நீயா சோறு போடுவ?" காளியம்மாளின் புருஷன். மகளை மடியில் வைத்துக்கொண்டு.

தனியாகப் போனேன்.

முன் தோட்டத்தில் பாண்டு வாத்தியம். சுழலிகள் சுற்றச் சுற்றத் துரைசானிகள் கை தட்டினார்கள். பின் வராந்தாவில் சபாபதி கண்ணாடிக் கோப்பைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"லயனுக்குச் சாலையிலிருந்து தனிக் குழாய் போடணும். அது வரைக்கும் வால்வத் திறக்கணும். சாவியக் குடுங்க."

"விருந்து முடியட்டும் தம்பி."

"அது வரைக்கும் எருமைத் தண்ணியக் குடிக்கச் சொல்றீங்களா? அங்க ஒரு பொண்ணு சாகக் கெடக்குது."

கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். துடைத்தார். அடுத்ததை எடுத்தார்.

நான் நகரவில்லை.

"சாவியக் குடுங்க ஐயா. இப்பவே."