சரிபார்த்தவர்: ஆன்சன்

ஓசூர்
7.7.2025

அன்புள்ள ஜெயராமுக்கு,

நலமா? இங்கே சாப்பாடுதான் சரியில்லை, மற்றபடி வேலை ஓடுகிறது. போனில் சொன்னால் "பாத்துக்கலாம் மாப்ள" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

பள்ளியில் பெர்சி அக்கா வைத்திருக்கும் பிரெயில் போர்டில் கோளாறு. கணினித் திரையில் இருக்கும் வரியைச் சிறு ஊசிகளாக எழுப்பி விரலுக்குக் காட்டும் நம் போர்டு, அவனியாபுரம் பட்டறையில் நாம் முதலில் செய்ததுதான். பத்தாம் வகுப்புக்குக் கணக்குத் தேர்வு வைத்து, கேள்விகளை அதில் படித்துச் சொல்லியிருக்கிறாள். சதுர வயலின் பரப்பு 1225. அவள் விரலுக்கு வந்தது 12. எட்டுக் கேள்வி இப்படி. பத்தாம் வகுப்பை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். உடன் வேலை பார்க்கும் சீனியம்மாள் டீச்சர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அக்காவைக் கேட்டால், "என் விரல்தான்டா மரத்துப்போச்சு, விடு" என்கிறாள்.

விரல் மரத்துப்போனால் எல்லா எழுத்தும் மங்கும். வரியின் கடைசி இரண்டு மட்டும் காணாமல் போகாது. கணினியிலிருந்து போர்டுக்கு வரிகளை அனுப்பும் நிரலில், அந்தக் கெர்னல் மாட்யூலில், யாராவது கை வைத்தீர்களா? விற்ற போர்டு ஒன்று ஓடும்வரை பழைய வடிவத்தை உடைப்பதில்லை என்று பேசித்தான் தொழிலை ஆரம்பித்தோம். உன்மேல் சந்தேகமில்லை. பார்த்துச் சொல்.

அன்புடன்,
ஆன்சன்

அவனியாபுரம்
9.7.2025

அன்பு மாப்ள ஆன்சனுக்கு,

கோபமாக எழுதினாலும் உன் எழுத்தைப் பார்த்ததில் சந்தோஷம். வேலைக்கென்று ஊரைவிட்டுப் போனபிறகு உனக்கு எங்கள் ஞாபகம் வருவதே கோளாறு வந்தால்தான்.

போன ஞாயிறுகூட ஆனையூர் போய் அக்கா வைத்த அயிரைமீன் குழம்பை ஒரு பிடி பிடித்தேன். போர்டு எப்படிக்கா இருக்கு என்று நானே கேட்டேன். நல்லாயிருக்குப்பா என்றார். ஐந்து வருஷப் போர்டு, ஊசிக்குள் தூசி அடைந்திருக்கும். புதுசு ஒன்று கொடுத்துவிடுகிறேன், நம்ம அக்காவுக்கு இல்லாததா? இம்புட்டு தூரத்தில் உட்கார்ந்து மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

என்றும் உன்,
ஜெயராம்

ஓசூர்
12.7.2025

ஜெயராம்,

தூசி இல்லை.

மாட்யூலின் மாற்றப் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். ஜூன் 18, எழுதியவர் நீ. பழைய வடிவத்தில் வரிக்கு இருபது பைட், ஒவ்வொன்றும் ஓர் எழுத்து. நீ முன்னால் இரண்டு பைட் சேர்த்திருக்கிறாய், பதிப்பு எண்ணும் நீளமும். புதிய போர்டுக்கு அது புரியும். பழையது அந்த இரண்டையும் எழுத்தென்று எடுத்து, முன்னால் வெற்றிடமாக விட்டு, இடமில்லாமல் கடைசி இரண்டைத் தள்ளிவிடும். எந்த போர்டு என்று கேட்டுவிட்டு அனுப்ப நாலு வரி போதும். உனக்கு எழுதத் தெரியாதா?

அதற்குக் கீழே இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. "சரிபார்த்தவர்: ஆன்சன்." எழுதியவர் அல்லாத ஒருவர் படித்துப் பெயர் போட்டால்தான் எந்த மாற்றமும் வெளியே போகும். நான் எப்போது படித்தேன்?

அக்காவைத் திரும்பக் கேட்டேன். உடைந்து சொன்னாள். "அப்டேட்டுல உன் பேரு இருந்துச்சுடா. அதான் சரின்னு அமுக்கிட்டேன்." தப்பு என்னுடையது என்று நினைத்து, என் பெயர் கெடக்கூடாதென்று, தலைமையாசிரியையிடம் தன் விரலைக் குறை சொல்லியிருக்கிறாள்.

புது போர்டு வேண்டாம். நடந்ததை அந்தத் தலைமையாசிரியைக்கு உன் கையெழுத்தில் எழுது.

ஆன்சன்

அவனியாபுரம்
14.7.2025

மாப்ள,

தப்புதான். கேட்டால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. ஜூன் முடிவதற்குள் புது போர்டுகள் போயாக வேண்டும், பழையதோடு வைத்துச் சோதிக்க நாளில்லை. பழைய போர்டு வைத்திருப்பவர்கள் அப்டேட் போடமாட்டார்கள் என்று நினைத்தேன்.

உன் பெயரைப் பதிவிலிருந்து எடுத்துவிடுகிறேன். என்னை எம்புட்டு வேண்டுமானாலும் திட்டு. அந்தக் கடிதத்தை மட்டும் கேட்காதே. ஒரு பள்ளிக்கு எழுதினால் நம் போர்டு வாங்கிய பதினொரு பள்ளிக்கும் தெரிந்துவிடும். பட்டறையை மூட வேண்டியதுதான். அக்காவிடம் நான் நேரில் வந்து பேசுகிறேன்.

ஜெயராம்

ஆனையூர்
24.7.2025

ஜெயராம்,

ஒரு வாரம் பொறுத்தேன். நீ எழுதவில்லை. லீவு போட்டு வந்து நானே தலைமையாசிரியையைப் பார்த்தேன். "இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா டீச்சர்?" என்று அக்காவைக் கூப்பிட்டு அவளைத்தான் கேட்டார். பத்தாம் வகுப்பு வேறொருவருக்குப் போய்விட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

என் பெயரைப் பதிவிலிருந்து எடுக்காதே. எடுத்தால் நீ அதைப் போட்டதும் இல்லாமல் போய்விடும்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் மீதி எல்லாம் சொன்னேன். "இங்க உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே போர்டு எப்படிக்கா இருக்குன்னு கேட்டானே, அப்பவே அவனுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன்.

திருத்தம் எழுதிவிட்டேன். பழைய போர்டுக்குப் பழைய வடிவம், புதியதற்குப் புதியது. அக்கா இருநூறு வரி விரல் வைத்துப் படித்தாள். ஒன்பதாவது வரியில் நான் விட்ட தப்பைப் பிடித்து, "நீயும் லேசுப்பட்டவன் இல்லடா" என்று ஒரு குட்டு வைத்தாள். நேற்று பதினொரு பள்ளிக்கும் அனுப்பிவிட்டேன், என்ன நடந்தது என்ற குறிப்போடு. எழுதியவர்: ஆன்சன். சரிபார்த்தவர்: பெர்சி.

நேரில் பேச வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வரவேண்டாம். இதை நான் சொல்லவில்லை, அவள் எழுதச் சொன்னாள்.

ஆன்சன்