மதிலுக்கு அப்பால் போன பந்து

உ

ஆனைமுகத்து ஐயனே, எடுத்த அடி இடறாமல் காப்பவனே, இன்றைய எழுத்துக்கும் நாளைய நடைக்கும் நீயே துணை.

மார்ச் 29, சனி

மழை. தோர்ன்பெக் ஊரின் மில் லேன் மைதானத்தில் இன்று ஆட்டம் இல்லை என்ற செய்தி, நாங்கள் பேருந்தில் ஏறி அமர்ந்த பின்னரே கிளிஃபர்டின் கைப்பேசிக்கு வந்தது. கோல் வாயிலில் வாத்துகள் நீந்துகின்றனவாம். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, வீதியைக் கடந்து, திரும்பும் பேருந்துக்காக நனைந்துகொண்டு நின்றோம்.

இந்தச் சிறு லீக்கைச் சேர்ந்த கழகங்கள் எல்லாவற்றின் மைதானத்தையும் கண்டுவிட்டேன். மில் லேன் ஒன்றே மீதி. நம்மவரில் சிலர் பாடல் பெற்ற தலங்களை ஒவ்வொன்றாகத் தரிசித்து முடிப்பதுபோல, இந்த நாட்டில் உதைபந்தாட்ட மைதானங்களைத் தரிசித்துத் திரியும் அடியார் கூட்டம் ஒன்று உண்டு. பேருந்துப் பணிமனையில் சாரதியாக இருந்த கிளிஃபர்ட், அங்கே எழுதுவினைஞனாக இருந்த என்னை அக்கூட்டத்தில் சேர்த்துவிட்டார். எங்கள் விதி கடுமையானது. முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை மைதானத்தின் வாயிலுக்குள் நின்று பார்த்தால்தான் அந்த இடம் கணக்கில் சேரும். நடுவில் வெளியேறினால் சேராது. ஆட்டம் இடையில் கைவிடப்பட்டாலும் சேராது. தீபாராதனைக்கு முன் எழுந்து போனவன் பூசை கண்டேன் என்று சொல்லலாமா?

ஏப்ரல் 3, வியாழன்

மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். வலது முழங்கால் சத்திரசிகிச்சை இம்மாதம் இருபத்தெட்டாம் திகதி. அதற்கு முந்திய சனிக்கிழமைதான் மில் லேனின் கடைசி ஆட்டம். அந்த நிலத்தை வீடு கட்டுபவர்களுக்கு விற்றுவிட்டார்கள். கழகம் கால்வாய்க்கு அக்கரையில் புது மைதானத்துக்குப் போகிறது.

மகள் பூங்கோதை, இந்தக் காலோடு எங்கும் போக வேண்டாம் என்றாள். அவள் சொல்வது நியாயம். போவேன் என்றேன்.

ஏப்ரல் 12, சனி

மறுபடியும் மழை. மறுபடியும் வாத்துகள். இனி இருப்பது ஒரே ஒரு நாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

விரதம். மாலையில் கைத்தடியோடு கால்வாய்ப் பாலம்வரை நடந்து திரும்பினேன், வலி பொறுக்கக்கூடியது. நாளைக்குப் புளிச்சோறு கட்டி வைத்தாயிற்று. அங்கே உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள்.

வானம் வெளித்திருக்கிறது. போவேன். கட்டாயம் போவேன். — இதை ஏன் இரண்டு தரம் எழுதுகிறேன்?

ஏப்ரல் 26, சனி

வெயில். வாத்துகளும் இல்லை. முதல் விசிலுக்கு வெகு முன்னரே வாயிலுக்குள் நின்றேன். ஊரே திரண்டிருந்தது, ஒருகாலத்தில் அங்கே விளையாடிய முதியவர்கள் பழைய கழுத்துத்துண்டுகளோடு வந்திருந்தார்கள். எதிரணி ஓவர்ஷா. ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருந்தபோது அணிக்கு ஒரு கோலாகச் சமநிலை.

அப்போதுதான் தோர்ன்பெக்கின் பின்காவலர் ஒருவர் பந்தை ஓங்கி உதைத்தார். அது மேட்டுப்பக்க மதிலைத் தாண்டி, திருமதி ஈனிட் ஹாப்வுட்டின் தோட்டத்தில் விழுந்தது.

அதுதான் கடைசிப் பந்து. இடமாற்றத்துக்காகக் கழகத்தின் சாமான்களெல்லாம் புது மைதானத்துக்குப் போய்விட்டன. மிஞ்சியவை மூன்றே பந்துகள். முதலாவதை ஓடை கொண்டுபோயிற்று. இரண்டாவது ஆலைக் கூரையில் கிடந்தது. புது மைதானத்துப் பூட்டின் திறப்பு வைத்திருப்பவரோ விடுமுறையில் ஸ்பெயினுக்குப் போயிருந்தார். அந்தத் தோட்டத்தில் விழுந்த பந்து முப்பது வருடமாக ஒன்றுகூடத் திரும்பியதில்லை என்றும், போன மாதம் மதில் ஏறிய பையனுக்கு அந்த அம்மா குழாய்த் தண்ணீர் அடித்தார் என்றும் கழகச் செயலாளர் ரேமண்ட் சொன்னார். கழகத்து முகம் எதைக் கண்டாலும் கதவைத் திறக்கமாட்டாராம். நடுவர் ஓர் இளம் பெண். கொஞ்ச நேரம் பொறுப்பேன், பந்து வராவிட்டால் ஆட்டத்தைக் கைவிடுவேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்.

கிளிஃபர்ட் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் பேசியது ஆங்கிலம், என் ஏட்டில் எவர் பேசினாலும் அது ஊர்த் தமிழாகிவிடும்.

"ஐசே, இந்தச் சனத்துக்குள்ள கழுத்துப்பட்டி கட்டின ஆள் நீர் ஒருத்தர்தான். நெத்தியில திருநீறு வேற. சாமிக்குக் காசு சேர்க்க வந்த ஆளெண்டு நினைச்சாவது கதவைத் திறப்பா."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா வாசலைத் தாண்டினீரெண்டா உமக்கு மில் லேன் இல்லை. தெரியும்தானே?"

தெரியும். ஒருவரும் போகாவிட்டால் ஆட்டம் கைவிடப்படும். அந்த முதியவர்களுக்கும் முடிவில்லை, எனக்கும் கணக்கில்லை. நான் போனால் அவர்களுக்காவது முடிவு உண்டு. ஆட்டம் நின்றிருக்கும் நேரத்திலேயே திரும்பி வந்துவிட்டால் கிளிஃபர்டோடு வாதாடிப் பார்க்கலாம் என்ற கபடமும் உள்ளே இருந்தது. மறைப்பானேன்?

ஒழுங்கை செங்குத்தானது. அதன் உச்சியில் பச்சைக் கதவு. தட்டினேன். சமையல் மேலங்கி கட்டிய சிறிய உருவம் ஒன்று திறந்தது.

"பந்துக்கோ வந்தனீங்கள்?"

ஆம் என்றேன். நான் கழகத்தைச் சேர்ந்தவன் அல்லன், ஆட்டம் பார்க்க வந்தவன், முடிவு காணாமல் இத்தனை பேரும் திரும்ப வேண்டாமே என்று கேட்க வந்தேன் என்றும் சொன்னேன். அவர் என் கைத்தடியைப் பார்த்தார். நான் ஏறி வந்த ஒழுங்கையையும் பார்த்தார்.

"என்ர மனுசன் தன்ர கையால கட்டின கண்ணாடி வீடு, பின்வளவில. தக்காளி வச்சிருந்தவர். பந்து விழுந்து நொருங்கின அண்டைக்கு ஒருத்தர் வரேல்ல. கழகத்து வக்கீலின்ர கடிதம்தான் வந்தது. அண்டைக்கு ஒரு ஆள் உங்களைப்போல வந்து வாசல்ல நிண்டிருந்தா, நான் அண்டைக்கே குடுத்திருப்பன்."

பின்வளவுக் கொட்டிலைத் திறந்தார். அடுக்கடுக்காகப் பந்துகள்: நிறம் மங்கிய தோல் பந்து, பனிக்கால மஞ்சள் பந்து, எல்லாமே துடைத்து, காற்று நிரப்பி வைத்தவை.

"பந்தில எனக்கென்ன கோவம்?" என்றபடி கைக்கு அருகில் இருந்த ஒன்றை எடுத்தார், நான் வாய் திறக்குமுன் மதிலுக்கு மேலால் எறிந்துவிட்டார். மறுபுறம் பேரிரைச்சல். விசில்.

ஐயோ, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதோ அம்மா! நான் இஞ்சாலப் பக்கமெல்லோ நிக்கிறன்!

இதை வாயால் சொல்லவில்லை. முகம் சொல்லியிருக்க வேண்டும், என்னவென்று கேட்டார். எங்கள் விதியைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"மேல வாருங்கோ. என்ர யன்னலால முழுக்கத் தெரியும்."

மாடிப்படிகளில் முழங்கால் என்னை வைதது. நான் செவிமடுக்கவில்லை. அறை யன்னலோரத்தில் ஒரு கதிரை; அதன் மெத்தை ஒரே ஆள் நெடுங்காலம் இருந்து குழிந்தது. கைப்பிடியில் ஒரு போர்வை, யன்னற்படியில் தொலைநோக்கி. மைதானம் முழுவதும் ஒரு தாம்பாளத்தில் வைத்ததுபோல் கீழே கிடந்தது. எல்லா ஆட்டமும் பார்ப்பீர்களா என்றேன்.

"மனுசன் செத்தாப் பிறகு ஒண்டும் விட்டதில்லை. இண்டைக்கு நிப்பாட்டியிருந்தா எனக்கும்தானே முடிவில்லை. ஆனா ஆராவது வந்து கேக்க வேணுமே."

கதிரையில் என்னை இருத்திவிட்டுத் தாம் நின்றார். கடைசி நிமிடத்தில் தோர்ன்பெக்குக்கு ஒரு மூலை உதை. பந்தை மதிலுக்கு வெளியே அனுப்பிய அதே பின்காவலர் தலையால் முட்டி வலைக்குள் போட்டார். அம்மையார் என் சட்டைக் கையைப் பற்றினார். "போட்டான்," என்றார், மிக மெதுவாக. சற்றைக்கெல்லாம் கடைசி விசில். கீழே முதியவர்கள் மைதானத்துக்குள் இறங்கி, குனிந்து புல்லைத் தொட்டார்கள்.

"இனிச் சனிக்கிழமையில என்ன செய்யிறது?" என்றார் யன்னலைப் பார்த்தபடி.

என் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலைப் பூசை முடிந்ததும் கிளிஃபர்ட் அழைத்தார். எங்கள் அடியார் கூட்டத்தார் கூடிப் பேசினார்களாம். மில் லேனை நான் கணக்கில் சேர்க்கலாம் என்பது எல்லோருடைய தீர்ப்புமாம். விதியை எனக்குக் கற்பித்தவரே விதியைத் தளர்த்துகிறார்!

மறுத்துவிட்டேன். கோபுர தரிசனம் கோடி புண்ணியம். ஆயினும் வெளியே நின்று கோபுரத்தைக் கும்பிட்டவன், மூலவரைக் கண்டேன் என்று சொல்வதில்லை. குறை குறையாகவே இருக்கட்டும்.

நாளை கத்தி. பயமா? — கொஞ்சம்.

மே 14, புதன்

வாசற் படலைவரை நடந்தேன். பயிற்சி தரும் பெண் போதும் என்றாள். இன்னொரு முறை நடந்தேன்.

மாலையில் திருமதி ஹாப்வுட் தொலைபேசினார். மில் லேனில் மஞ்சள் இயந்திரங்கள் இறங்கிவிட்டனவாம். கோல் கம்பங்களை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பிடுங்கிவிட்டார்களாம். புது மைதானத்தின் முதல் ஆட்டத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். தாம் ஒருநாளும் காசு கொடுத்து ஆட்டம் பார்த்ததில்லை என்றார். வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

கைத்தடி இல்லாமல் போனேன். கிளிஃபர்ட் ஒரு பக்கம், திருமதி ஹாப்வுட் மறுபக்கம். வாயிலில் ரேமண்ட் தொப்பியைக் கழற்றி, கண்ணாடி வீட்டுக்காக மன்னிப்புக் கேட்டார். முப்பது வருடம் பிந்தி வந்திருக்கிறீர் என்றார் அம்மையார். ஆனாலும் கை கொடுத்தார்.

ஆட்டம் மகா மோசம். கோல் இல்லை, கூரை இல்லை, கால்வாயிலிருந்து ஊசிக்காற்று. கடைசிக் கால்மணி நேரத்தில், போதும், வீட்டுக்குப் போவோம் என்றார் அம்மையார். போகக்கூடாது என்றேன். நின்றோம், மூவரும், கடைசி விசில் ஊதும்வரை.

"அப்ப எனக்கு ஒரு மைதானம் கணக்கில வந்திட்டுது," என்றார் அம்மையார். "உங்களுக்கு?"

எனக்கும் ஒன்று என்றேன்.

"அப்ப மில் லேன்?"

"அது உங்களுடையது அம்மா. எல்லா ஆட்டமும் முழுதாகப் பார்த்தவர் நீங்கள்தானே."

கிளிஃபர்டால் பொறுக்க முடியவில்லை. "அதெப்பிடி? அவவும் வாசலுக்குள்ள நிக்கேல்லையே."

அம்மையார் கிளிஃபர்டை நிதானமாகப் பார்த்தார். "நான் என்ர வாசலுக்குள்ளதான் நிண்டனான். பந்துதான் வெளியில இருந்து வந்தது."

கிளிஃபர்ட் தலையைச் சொறிந்துகொண்டு பேருந்துத் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார். அடுத்த சனிக்கிழமை எங்கே போவது என்று பேருந்தில் அம்மையாரே கேட்டார்.

இந்தப் பக்கங்களை என்றேனும் வாசிக்க நேர்பவரே, நீவிர் எவராயினும் வாழ்க. உமது அடுப்பில் நெருப்பும் உமது மனையில் பேச்சும் குறையாதிருக்க. உம்மவர் அனைவரையும் அவர்தம் கால்கள், விரும்பிய இடமெல்லாம் கொண்டுசென்று நலமே மீட்டு வருக.