போத்தலுக்கு ஒரு வளையம்

அரியாலை,
5.3.1967

அன்புள்ள சீவரத்தினம்,

நான் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். ஒரே வாங்குப் பலகையில் பக்கத்தில் இருந்து படித்தவனுக்கு மாதம் ஒரு கடிதம் எழுத முடியாத அளவுக்கு வவுனியா அரசாங்கக் கச்சேரியில் வேலையா?

சித்திரை லீவு முடிந்து நீ திரும்பும்போது இருவரும் சைக்கிளில் வவுனியா போவோம் என்றாய். தொண்ணூறு மைல். என் பழைய றலி ரேஸ் சைக்கிளைத் திருத்தி, கொடிகாமம் வரை ஓடிப் பார்த்தேன். கை விறைத்து, முதுகு பிளந்துவிட்டது. கல்லூரிச் சைக்கிள் ஓட்டத்தில் கப் எடுத்தவன் நீ. வழி சொல்.

உன்,
நடராசா

வவுனியா,
13.3.1967

அன்பு நடராசா,

கோபிக்காதே. பேனா பிடித்தே என் கை தேய்ந்துவிட்டது.

பெடல் கீழே நிற்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். அந்த அளவுக்குச் சீற்றைப் பதி. ஹாண்டிலைச் சீற் மட்டத்துக்கு உயர்த்து. ரயருக்குக் கல்லுமாதிரிக் காற்று அடிக்காதே. தோல் சீற்றை மாற்றாதே. அடியில் கொஞ்சம் எண்ணெய் பூசி ஓடு. உன் உடம்புக்கு அது பணியும். தண்ணீர்ப் போத்தலுக்கு ஹாண்டிலில் ஒரு வளையம் பூட்டு. கிழமைக்குக் கிழமை மைலைக் கூட்டு.

சீவரத்தினம்

அரியாலை,
2.4.1967

அன்புள்ள சீவரத்தினம்,

நீ சொன்னபடியே செய்தேன். ஆனையிறவு வரை போய் வந்தேன், ஏழு மணித்தியாலம் சீற்றில். நோவில்லை.

திரும்பும்போது போத்தல் முடிந்து, பளைப் பக்கத்தில் ஒரு தேநீர்க்கடையில் இறங்கினேன். வாங்கில் இருந்ததும் கடைக்காரன் ஊரைக் கேட்டான், தகப்பன் பெயரைக் கேட்டான். பிறகு, மற்றவர்களுக்குக் கிளாஸில் கொடுத்தவன், எனக்குத் தேநீரை ஒரு தகரப் பேணியில் நீட்டினான். "உங்கடை ஆக்களுக்கு உதுதான். வெளியிலை நிண்டு குடி" என்றான். தேநீரை நிலத்தில் ஊற்றிவிட்டு வந்தேன்.

போகும்போது இருவரும் அங்கே இறங்குவோம். எனக்குக் கிளாஸ் வராவிட்டால் நீயும் குடிக்காதே. வேறொன்றும் கேட்கவில்லை.

உன்,
நடராசா

வவுனியா,
8.4.1967

அன்பு நடராசா,

வாசித்து வருந்தினேன். ஆனாலும் யோசி. தூரப் பயணம் சுகமாக இருக்க வேண்டுமானால் வழியில் சண்டை கூடாது. இன்னுமொரு வளையம் பூட்டி, அந்தப் போத்தலில் தேநீர் கொண்டு வா. நான் கடைக்குள் குடித்துவிட்டு வரும்வரை நீ சைக்கிள்களைப் பார்த்துக்கொள்ளலாம். கிளிநொச்சியில் மாமி வீட்டில் தங்குவோம். மாமியின் குணம் தெரியும்தானே. உனக்கு வண்டில் கொட்டிலில் நல்ல கட்டிலாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

எல்லாம் மெல்ல மெல்ல மாறும்.

சீவரத்தினம்

அரியாலை,
12.4.1967

சீவரத்தினம்,

சீற் பணிந்துவிட்டது. ஹாண்டில் அளவும் சரி. உன் சொல்லில் ஒன்றை மட்டும் மாற்றினேன்: பூட்டிய வளையத்தையும் கழற்றிவிட்டேன்.

பதினாறாம் திகதி விடியப் புறப்படுகிறேன். தண்ணீர் இல்லாமல் பளை வரை போகலாம். அங்கே தாகம் எடுக்கும். அந்த வாங்கில் போய் இருப்பேன், கிளாஸ் வரும்வரை. அடித்தாலும் எழும்பமாட்டேன். ஏழு மணித்தியாலம் ஒரே சீற்றில் இருக்க நீதான் பழக்கிவிட்டாய்.

வாங்கு நீளமானது. வந்தால் உனக்கும் இடம் இருக்கும்.

நடராசா