பெட்டி வண்டியின் காலி மூலை

ஐப்பசி 9, திங்கள்

விடியும்போதே தூறல். ராயபுரம் கிடங்கில் பாரம். எண்ணூரில் கட்டும் ஆலைக்கு இரும்புச் சாமான், ஆணிப் பீப்பாய், மேலே சாக்கு மூட்டை. லாரிக்குப் பின்னால் பெட்டி வண்டி பூட்டி முதல் நடை, கன்னியப்பன் போன பிறகு.

பெட்டி வண்டிக்குப் பிரேக் பிடிக்கிறவன் அவன். பின்னால் வெளியே இருக்கும் பலகைதான் அவன் இடம். மழைக்குப் பயந்து உள்ளே ஏறி, முன் மூலையில் உட்கார்ந்து வந்தான். கால்வாய்ப் பாலத்து இறக்கத்தில் பாரம் முழுதும் சரிந்து அவன் மேல். அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பலகையில் என் மச்சான் ஏகாம்பரம். என் பெண்டாட்டி பட்டுவுக்கு ஒரே தம்பி. வேறு வேலை கிடைக்கவில்லை.

பாரம் ஏற்றும் ஆட்களோடு காலையிலேயே தகராறு. கனமானது அச்சுக்கு முன்னால், அடியில். இலேசானது மேலே. நடுவில் சந்து கூடாது. எத்தனை தடவை சொல்லித் தொலைப்பது! முன் மூலையைக் காலியாக விட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவர் காதர் பாய் சொல்கிறார்: "செத்து நாப்பது நாளு ஆவுற வரிக்கும் கன்னியப்பன் எடத்துல சரக்கு வெக்க மாட்டோம் நைனா. குந்திக்கினு போவட்டும்."

"அந்த எடம் காலியா இருந்ததாலதானே பாய் செத்தான்?"

ஒருத்தனும் கை வைக்கவில்லை. பீப்பாய்கள் அந்தப் பக்கம் உருளாமல் நானே முட்டுக் கட்டை அடித்தேன். பெட்டியை லாரியோடு பூட்டும் கொக்கி ஆணி, சங்கிலி, கதவுத் தாழ் எல்லாம் பார்த்துக் கிளம்பினேன்.

பாலத்து உச்சியில் மணி. என் தலைக்கு மேல் தொங்குகிற மணி. அதன் கயிறு பெட்டிக்குள் புகுந்து பின்பலகை வரை போகிறது. அடித்தால் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தி, இறங்கிப் பின்னால் போனேன். ஏகாம்பரம் நனைந்த கோழி மாதிரி.

"கயித்த நான் இஸ்க்கவே இல்ல மாமா."

ஐப்பசி 10, செவ்வாய்

மழை. இட்லி புளிப்பு. அதே பாலம், அதே உச்சி, மணி.

"சத்தியமா இல்ல மாமா. என் ரெண்டு கையும் பிரேக்குலதான் கீது."

பயந்தாங்கொள்ளி. கண்டபடி ஏசினேன். இறக்கத்துக்கு முன்னால் நிறுத்தி நிறுத்தி எடுத்தால் பாரம் ஆடாதா? சங்கிலி என்னத்துக்கு ஆகும்? சாயங்காலம் கிடங்குக்கு வந்ததும் மணி நாக்கில் கந்தல் துணியைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். இனி ஏதாவது என்றால் கத்தடா என்று சொல்லிவிட்டேன்.

பட்டு சோறு போடும்போது: "அவன முழுசா கூட்டியாந்து வுட்டுடு. வேற இன்னாவும் வாணாம் எனக்கு." பாதியில் எழுந்து கை கழுவினேன். எனக்கு மட்டும் பயம் இல்லையா?

ஐப்பசி 11, புதன்

நடை இல்லை. வானம் மூட்டம்.

வாங்க: மசகு. லாந்தர் திரி. ஏ.வுக்கு மழைக்குப் போர்த்தத் தார்ப்பாய்த் துண்டு.

கொக்கி ஆணி மாற்றியாயிற்று. காலிப் பெட்டிக்குள் ஏறி முட்டுக் கட்டைகளைப் பார்த்தேன். கூரை ஒழுகித் தரையெல்லாம் ஈரம். அந்த மூலை மட்டும் காய்ந்து கிடக்கிறது, ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு. கை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு. உடனே வெளியே வந்துவிட்டேன்.

திரி வாங்கினேன். தார்ப்பாய் மறந்துபோயிற்று.

ஐப்பசி 12, வியாழன்

கொட்டோ கொட்டென்று கொட்டியது.

தண்டையார்பேட்டை ரயில் கேட்டில் நின்றோம். திருவொற்றியூர் தாண்டியதும் மாட்டு வண்டி ஒன்று குறுக்கே வந்தது. சட்டென்று பிரேக். பெட்டிக்குள் ஏதோ இடித்த சத்தம். கத்தல் எதுவும் கேட்கவில்லை. இந்த மழையில் என்ன கேட்கும்! போய்க்கொண்டே இருந்தேன்.

பாலத்து உச்சி. மணி. கணீரென்று, விடாமல்.

நிறுத்திவிட்டு ஓடினேன். பின்பலகையில் ஆள் இல்லை. கதவுத் தாழ் திறந்திருந்தது. மூட்டைகள் மேல் ஊர்ந்து போனால், மூலையில் ஏகாம்பரம். கேட்டில் நின்றபோது மழைக்காக உள்ளே நுழைந்திருக்கிறான். கால் நீட்ட வேண்டுமென்று முட்டுக் கட்டையை உதைத்து எடுத்திருக்கிறான், பாவி! ஒரு பீப்பாய் அவன் கை இரண்டையும் நெஞ்சோடு அழுத்திச் சிக்கிக் கிடந்தது. மற்றதெல்லாம் அதன் பின்னால், தடுப்பே இல்லாமல். இறக்கத்தில் சக்கரம் வைத்திருந்தால் போதும், அவ்வளவும் அவன் மேல்.

கட்டையைத் திரும்ப அடித்தேன். பீப்பாயைப் புரட்டி அவனை இழுத்தேன். கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். பிறகு கட்டிக்கொண்டு அழுதேன்.

"நல்லவேள மணி அடிச்ச. பொழச்சடா."

"நான் எங்க மாமா அடிச்சேன்? கையே வரலியே. கத்திக் கத்தி தொண்டதான் பூட்ச்சி."

முன்னால் வந்து மணியைப் பார்த்தேன். நாக்கில் துணி அப்படியே. நான் போட்ட முடிச்சு.

வீட்டில் அவனுக்கு விரல் வீங்கிச் சோறு பிசைய முடியவில்லை. பட்டு ஊட்டிவிட்டாள்.

ஐப்பசி 13, வெள்ளி

தூறல். வீட்டில் இருடா என்றால் கேட்கவில்லை. காலையில் நான் வாங்கி வந்த தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு பின்பலகையில் ஏறிவிட்டான்.

மூலையைச் சுற்றி நானே கனத்த பலகை அடித்தேன். சரக்கும் சரியாது, ஆளும் நுழைய முடியாது. உள்ளே காலி.

காதர் பாய் பார்த்துக்கொண்டே நின்றார். "நாப்பது நாளு ஆனதும் பிரிச்சிடலாம் நைனா."

"வேணாம் பாய். இருக்கட்டும்."

கொக்கி ஆணி பார்த்தேன். சங்கிலி பார்த்தேன். தாழுக்குப் பூட்டு.

பாலத்து உச்சியில் மணி. துணியை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.

நிறுத்தினேன். இறங்கிப் பின்னால் போகவில்லை. "சரிப்பா கன்னியப்பா," என்றேன். பிரேக்கில் கால் வைத்தபடி மெதுவாக இறக்கினேன்.