பத்து வினாடி

மார்ச் 4

என் சிட்டுக்கு,

பாட்டி நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ அனுப்பிய பத்திரிகை வந்தது. உன் படம் அரைப்பக்கம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் வளர்த்த பிள்ளையைப் பாருங்கள் என்று தபால்காரரை நிறுத்திக் காட்டினேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேத்திக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். தலைவிரிகோலமாய், மை வழிய, ஏனடி அப்படி நிற்கிறாய்? நாடக ராணி என்று அடியில் போட்டிருக்கிறது. ராணிக்கு ஒரு தோடு கூடவா இல்லை? அடுத்த படத்திலாவது சிரித்து வை.

உன் பாட்டி

மார்ச் 15

அன்புள்ள பாட்டி,

என்னைப் படம் எடுக்க வேறு ஆள் கிடையாது. கேமராவை நிறுத்திவிட்டுப் பொத்தானை அமுக்கினால் பத்து வினாடி கழித்துத்தான் எடுக்கும். அதற்குள் ஓடிப்போய் நின்று அந்த ஆளாகவே மாறிவிட வேண்டும். நான் வேஷம் போடுகிறவர்கள் எல்லாரும் பழைய சோக நாடகங்களில் வருகிறவர்கள். நல்லவர்கள்தான். ஏதோ ஒரு வீம்பில் எல்லாவற்றையும் தொலைத்தவர்கள். அவர்கள் வேஷத்தில்தான் என் முகம் யாருடையது என்று தேடுகிறேன். அம்மாவின் படம் ஒன்றுகூட நம் வீட்டில் இல்லையே.

அடுத்தது, கைக்குழந்தையோடு வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு ராணி. உன் பெட்டியில் அம்மா சேலை ஒன்று இருக்கிறதல்லவா, அனுப்புவாயா?

சிட்டு

மார்ச் 27

என் சிட்டுக்கு,

சேலை இதோடு வருகிறது. கொடுக்க மனசில்லை, நீ கேட்டதால் கொடுக்கிறேன். மூன்று தண்ணீரில் அலசி இஸ்திரி போட்டேன். கீழ்க்கரையின் உள்பக்கம் ஃபால்ஸ் துணி வைத்து நானே தைத்தது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு தையல் விட்டிருக்கிறதா பார். கடைகளுக்கு ஃபால்ஸ் தைத்துத்தானே உன்னைப் படிக்க வைத்தேன். காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனபோது உன் அம்மா இதைத்தான் கட்டியிருந்தாள். கிழித்துவிடாதே.

உன் பாட்டி

ஏப்ரல் 6

பாட்டி,

ராணியின் சேலைக்கரை பிரிந்து தொங்க வேண்டும் என்று ஃபால்ஸைப் பிரித்தேன். உள்ளே வண்டல் மண், காய்ந்து தகடாக. அதில் பாசியும் ஒட்டியிருக்கிறது. காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இறந்தவள் சேலைக்குள் ஆற்று மண் எப்படி வந்தது?

சிட்டு

ஏப்ரல் 19

சிட்டு,

நாலு காகிதம் கிழித்துவிட்டேன்.

என் பேச்சை மீறிக் கட்டிக்கொண்டவனோடு வாழ முடியாமல் உன் அம்மா ஒரு மத்தியானம் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கதவைத் தட்டினாள். நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். "அம்மா, நாந்தான்" என்றாள். நான் இன்னும் வேகமாக மிதித்தேன், உள்ளேதான் இருக்கிறேன் என்று தெரியட்டும் என்று. மறுபடி தட்டினால் திறக்கலாம் என்று இருந்தேன். அவள் தட்டவில்லை. நான் திறந்தபோது படியில் நீ மட்டும் உட்கார்ந்திருந்தாய். நான் காத்திருந்த நேரம் உன் பத்து வினாடியை விட ரொம்ப அதிகம் இருக்காது.

மூன்றாம் நாள் ஆற்றில் கிடைத்தாள். காய்ச்சல் என்று நான்தான் சொன்னேன். அவள் மானத்துக்காக இல்லை, என் தலை குனியக் கூடாது என்று. அவள் படங்களை எரித்ததும் நான்தான்.

உன் நாடகங்களில் கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவள் வேஷம் உண்டா? உண்டென்றால் என் சேலை ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

பாட்டி

மே 11

பாட்டி,

உன் சேலையைக் கட்டினேன். மூடிய கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, பொத்தானை அமுக்கிவிட்டு ஓடி உட்கார்ந்தேன். எத்தனை தரம் எடுத்தாலும் பத்து வினாடி முடிவதற்குள் எழுந்துவிடுகிறேன். ஒரு படத்திலும் முகம் விழவில்லை. கதவை நோக்கிப் போகிற சேலைத் தலைப்பு மட்டும் கலங்கலாகத் தெரிகிறது. அதில் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். தபால்காரர் கேட்டால் காட்டு.

உன் சேலை பார்சலில் வரும். அம்மா சேலை என்னிடமே இருக்கட்டும், அந்த மண்ணும்.

இனி எழுத வேண்டாம். எப்போது வருவாய் என்றும் கேட்காதே. வந்தால், ஒரு தரம்தான் தட்டுவேன்.

சிட்டு