எழ முடியாத சஜ்தா

அன்புள்ள அபூ நிஸார், இறைவன் உங்களை நலமாக வைத்திருக்கட்டும். நெஞ்சுச் சளி குறைந்ததா?

நம் மகன் நிஸாரின் பிள்ளைகளுக்குச் சமைத்துப்போட அம்மான் நகருக்கு வந்த நான், விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு அவர்களுக்கே பாரமாகிவிட்டேன். எலும்பு கூடிவிட்டது. பிசியோதெரபி பெண் ரிஹாப் படியேறவும் காலுறை மாட்டவும் பழக்கிவிட்டாள். தரையிலிருந்து எழுவதுதான் வரவில்லை. அதுவரை நாற்காலியில் தொழச் சொல்லியிருந்தாள்.

வெள்ளியன்று பள்ளிவாசலில் ஆசை மீறித் தரையில் நெற்றியை வைத்து சஜ்தா செய்துவிட்டேன். தொழுகை முடிந்தும் எழ முடியவில்லை.

"இந்த ஹஜ்ஜா பாட்டியோட சஜ்தாவைப் பாரேன், என்னா உருக்கம்" என்றாள் பின்னால் ஒருத்தி.

"தொந்தரவு பண்ணாதடி. நமக்கும் சேத்துக் கேக்கட்டும்" என்றாள் இன்னொருத்தி.

வெட்கத்தில் வாய் திறக்கவில்லை. அவ்வளவு நேரமும் எழுவதைத் தவிர நான் எதையும் கேட்கவில்லை. பெருக்க வந்தவள்தான் தூக்கிவிட்டாள்.

இதைக் கேட்டு ரிஹாப் சிரித்தாள். "ஒருக்களிச்சு, கைய ஊனி, நல்ல கால முன்னால வைங்க உம்மு நிஸார். வாங்க, மறுபடி." அவள் பிடித்தால் எழுகிறேன். விட்டால் சரிகிறேன். இன்று அவளும் சிரிக்கவில்லை.

பஸ்ராவில் நம் வீட்டில் நாம் தரையில் விரித்துத்தானே சாப்பிடுகிறோம். நான் வருவதற்குள் ஒரு மேசையும் நாற்காலியும் வாங்கிப் போடுங்கள். யாராவது கேட்டால் உங்கள் முழங்காலுக்கு என்று சொல்லிவிடுங்கள்.

மருமகள் கூப்பிடுகிறாள்.

உம்மு நிஸார்